அடுத்த வீட்டு மன்றாட்டு

பொறாமை என்ற சொல்லை நேராகச் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் அதற்கு வேறு வேறு பெயர் வைத்தேன். ஒருமுறை கோபம் என்றேன். ஒருமுறை மனத்தாங்கல் என்றேன். ஒருமுறை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கோயில் ஒழுங்கைப் பற்றிய கவலை என்றேன். ஃபாதரும் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். மூன்றையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆண்டவரோடு பேசுவது கேட்கும். மறுபடியும் வயிறு எரியும்.

அவள் என் பக்கத்து வீட்டு மருமகள். கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், என் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டு குடியிருந்த அதே லயத்து வரிசை வீட்டில்தான் நான் இன்றும் இருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். டீச்சர் ஆன பிறகு டவுன் பக்கம் போய்விடலாம் என்று பலர் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை, பின்பக்கம் சமைக்கக் குசினியைக் கட்டி, தரைக்குச் சிவப்புச் சாயம் பூசி, இதுதான் நம் பங்களா என்றார். அவர் மரித்து எட்டு வருஷமாகிறது. லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் சுவர். அதுவும் கூரை வரை போவதில்லை. அந்த வீட்டில் கடுகு வெடித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும்.

எங்கள் தோட்டத்துக் கோயில் சின்னது. உட்காரப் பதினாறு வாங்கு. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும் ஃபாதர் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே கூடி வாசகம் வாசித்து, மன்றாட்டுச் சொல்லி, பாட்டுப் பாடிவிட்டுக் கலைவோம். மன்றாட்டு என்றால், ஒருவர் முன்னால் நின்று எல்லாருக்காகவும் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் சனங்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் நின்றது நான். சனிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து எழுதுவேன். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் திருச்சபை ஒரே மந்தையாய் ஒருமைப்பட என்று தொடங்கி, ஆட்சியாளர்கள், நோயாளிகள், மரித்த விசுவாசிகள் என்று ஒழுங்காகப் போகும். ஒரு சொல் இடறாது. பதிலும் ஒழுங்காக வரும். அந்தப் பதிலின் சத்தத்தை நான் பெரிதாகக் கவனித்ததே இல்லை, இன்னொருத்திக்கு அது எப்படி வருகிறது என்று கேட்கும்வரை.

அவள் இந்து வீட்டுப் பெண். பக்கத்து டிவிஷனில், மாரியம்மன் கோயிலுக்கு நேர் எதிர் லயத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டுப் பையனை விரும்பி, ஞானஸ்நானம் எடுத்துக் கலியாணம் முடித்தாள். கலியாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் மந்திரம் படிக்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். எனக்கு ஏது நேரம்? பரீட்சைத் தாள் குவிந்து கிடந்தது. என் மகளைத்தான் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். பின் குசினியில் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்பார்கள். படிப்பைவிடச் சிரிப்புத்தான் அதிகம் கேட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற பெண், விசுவாசப் பிரமாணம் பாதியில் தட்டுத் தடுமாறும். இவளெல்லாம் எங்கே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் என் மகள் வந்து எனக்கு முன்னால் நின்றாள். உடப்புசல்லாவையில் கடை வைத்திருக்கும் ஒரு பையனை விரும்புகிறாளாம். அவனும் இந்து. அவன் மதம் மாறமாட்டானாம், இவளை மாறச் சொல்லவும் மாட்டானாம். நான் டீச்சர் இல்லையா, வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். "அவன் ஞானஸ்நானம் எடுத்தா வாசப்படி ஏறட்டும். இல்லாட்டி நீயும் ஏறாத." அவள் அழவில்லை. பொலித்தீன் பை இரண்டில் உடுப்பை எடுத்து வைத்துக்கொண்டு காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ரெஜிஸ்டர் கலியாணம் என்று ஆள் மூலம் கேள்விப்பட்டேன். முதல் மாதம் இரண்டு தடவை போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அதன் பிறகு அடிக்கவில்லை.

இங்கேதான் என் வயிற்றெரிச்சலின் வேர் இருக்கிறது. அடுத்த வீட்டுக்கு ஒருத்தி இந்துக் கோயிலிலிருந்து வந்தாள். என் வீட்டிலிருந்து ஒருத்தி அந்தப் பக்கம் போனாள். பக்கத்து வீட்டுக்காரி என்னோடு ஒன்றாகப் படித்தவள்தான். அவளுக்கு வந்த மருமகள் விடிய எழும்பி மாமியாருக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். டம்ளர் வைக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் என் தேத்தண்ணியை நானே ஊற்றிக்கொண்டு, ஆண்டவரே, உமக்குப் பதினெட்டு வருஷம் மன்றாட்டு எழுதியவள் நானா அவளா என்று கேட்பேன்.

போன வருஷம் பனிக்காலத்தில் என் தொண்டை கட்டிவிட்டது. வகுப்புச் சுண்ணக்கட்டித் தூளும் கந்தப்பளைப் பனியும் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை என் குரலைக் கொண்டுபோய்விடும். மகள் இருந்தபோது கொத்தமல்லி அவித்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். அந்த ஞாயிறு வாசகம் முடிந்து மன்றாட்டுக்கு எழும்பி நின்றால் காற்றுத்தான் வருகிறது. தாளை யாரிடமாவது கொடுக்கலாம் என்று பார்த்தேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று ஒருவர், எனக்குக் கூச்சம் என்று இன்னொருவர். பின் வாங்கிலிருந்து அடுத்த வீட்டு மருமகள் எழும்பி வந்தாள். தாளை வாங்கினாள், பார்த்தாள், திருப்பி என்னிடமே தந்தாள். பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"சாமி, ஒம்பதாம் நம்பர் மலையில அட்ட ரொம்ப. அதயும் நீதான் படச்ச, சரி. ஆனா எங்க காலுதானா அதுக்குக் கெடச்சிச்சு? பீலியில தண்ணி மெலிஞ்சு போச்சு சாமி. ஒரு கொடம் நெறையிறதுக்குள்ள நாலு பேரு சண்ட போடுறோம். ஒண்ணு தண்ணியக் கூட்டு, இல்லாட்டி எங்க வாயக் கொற. கடசி வீட்டுத் தாத்தா விடிய விடிய இருமுறாரு. அவரயும் தூங்க வையி, எங்களயும் தூங்க வையி."

சனங்கள் சிரித்தார்கள். கோயிலுக்குள் சிரித்தார்கள். பிறகு பதில் சொன்னார்களே, பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் எனக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை. தகரக் கூரை அதிர்ந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் அட்டை கடித்த காலெல்லாம் சேர்ந்து சொன்ன பதில் அது. கடைசி வீட்டுத் தாத்தா கண்ணைத் துடைத்தார். நான் என் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

அதன்பின் என் தொண்டை சரியானது. ஆனால் ஞாயிறு வந்தால் யாராவது ஒருவர், "டீச்சர், ஒங்க தொண்ட பாவம், அந்தப் புள்ள சொல்லட்டுமே" என்பார்கள். என் தொண்டைமேல் அத்தனை பேருக்கு அக்கறை வந்தது அந்த வருஷத்தில்தான். பசு கன்று போட முடியாமல் கிடந்தால் அவளைக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குப் பரீட்சை என்றால், படிப்பித்த என்னை விட்டுவிட்டு, ஜெபிக்க அவளைக் கூப்பிட்டார்கள்.

நான் அவளைக் கண்காணித்தேன். வேறு எப்படிச் சொல்வது? காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே, "இன்னைக்கு மழ வேணாம் சாமி, வந்தாலும் பத்து மணிக்கு மேல" என்பாள். ரொட்டி தட்டும்போது ஒன்று. குழாயில் துணி அலசும்போது ஒன்று. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கையில் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து அத்தனையையும் கேட்பேன். ஆண்டவரை நீ என்கிறாள், கணக்குப்பிள்ளையிடம் பேசுவது போல் பேரம் பேசுகிறாள் என்று எரிச்சல்படுவேன். உண்மையில் என்னை எரித்தது வேறு. அவள் பேசி முடித்ததும் ஒரு சின்ன அமைதி வரும். யாரோ பதில் சொல்ல, அதை அவள் கேட்டுக்கொண்டு நிற்பது போல. எனக்கு அப்படி யாரும் பதில் சொன்னதில்லை.

நானும் முயன்று பார்த்தேன். ஒருநாள் அரிசி களையும்போது கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, இந்த அரிசிக்காக உமக்கு நன்றி கூறுகிறோம்" என்றேன். கூறுகிறோமா? வீட்டில் இருப்பது நான் ஒருத்திதானே? "கூறுகிறேன்" என்று திருத்தினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அரிசியைப் பார்த்தேன். அரைச் சுண்டு அரிசி. அதைப் பற்றி ஆண்டவரிடம் சொல்ல என்ன இருக்கிறது? சொல்ல இருந்தது ஒன்றுதான், அதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. உலையை வைத்தேன்.

அப்படியே போயிருந்தால் வெறும் வயிற்றெரிச்சலோடு முடிந்திருக்கும். ஆனால் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு அவள் முன்னால் நின்று, வழக்கம்போல் பீலி, அட்டை, இருமல் எல்லாம் முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"சாமி, எங்க பக்கத்து வீட்டுல ரெண்டு வருஷமா ஒத்தத் தட்டு கழுவுற சத்தந்தான் கேக்குது. இன்னொரு தட்டு எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியும். அத இந்தப் பக்கம் திருப்பி வுடு சாமி."

பதினாறு வாங்கும் என்னைத் திரும்பிப் பார்த்தன. பதில் வந்தது பாருங்கள், அவளுக்கு வந்த பதில்களிலேயே பெரிய பதில் அதுதான். என் அவமானத்துக்கு அத்தனை பேர் சேர்ந்து ஆமென் போட்டார்கள். நான் மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய், சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில், சத்தம் கேட்கக்கூடாது என்று துணியை விரித்து அதன்மேல் வைத்துக் கழுவினேன். ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பிளை செய்கிற காரியமா இது?

இரண்டாம் ஞாயிறு ஃபாதர் வந்தார். புதியவர், இளம் ஆள், கடற்கரைப் பக்கத்துக்காரர். ஒன்பது தோட்டத்துக் கோயில்களுக்கு ஒற்றை மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவர். தேயிலை மலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது, முதல் பிடியைக் கூடைக்குள் போடுகையில் எல்லாரும் "பொலி, பொலி" என்பார்கள். கூடை நிறையட்டும் என்று அர்த்தம். இந்துவும் சொல்வார், வேதக்காரரும் சொல்வார். என் அம்மா சொல்லுவார். பொலி என்று சொல்லிவிட்டு, அதே கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். சின்ன வயதில் அம்மாவோடு மலைக்குப் போனபோது நானே சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் விழுங்கிவிட்டு, பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபாதரிடம் போய் நின்றேன்.

"ஃபாதர், அந்தப் புள்ள இன்னும் பழய வழக்கத்த விடல்ல. கொழுந்து எடுக்கிறதுக்கு முன்னுக்குப் பழய மந்திரம் மாதிரி என்னமோ சொல்லுது. அந்த வாயாலயே வந்து மன்றாட்டும் சொல்லுது. ஆண்டவர நீன்னு கூப்பிடுது. சனங்க கோயிலுக்குள்ள சிரிக்கிறாங்க."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த விஷம்.

ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கோயிலில் பத்தரைக்குப் பூசை. "அப்படியா டீச்சர்? மனம் நோகாமச் சொல்லுவம். இனி எழுதின ஜெபத்தையே வாசிக்கட்டும். நீங்க எழுதிக் குடுங்க" என்றார். வாசலில் அவளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை அவள் கொப்பியும் பேனையுமாக என் முன்திண்ணை இஸ்தோப்பில் வந்து நின்றாள். "டீச்சரம்மா, ஃபாதர் எழுதி வாசிக்கச் சொல்லிட்டாரு. நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன் போல. ஒங்களுக்குத்தான் நல்லா வரும். எனக்கு எழுதித் தாங்க" என்றாள். ஒரு கீரைக்கட்டும் கொண்டு வந்திருந்தாள். யார் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுதிக் கொடுத்தேன். வேண்டுமென்றே கடினமாக எழுதிக் கொடுத்தேன். மீட்புத் திட்டத்தின் மறைபொருளை உய்த்துணர என்று ஒரு வரி. பிரபஞ்சத் திருச்சபையின் ஒருங்கிணைந்த சாட்சியம் என்று இன்னொரு வரி. அன்று பின்னேரம் முழுவதும் சுவருக்கு அப்பால் அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. உய்த்து என்பாள், நிற்பாள், மறுபடி முதலிலிருந்து வருவாள். மாமியார்க்காரி, "விடுடி, காலைல பாத்துக்கலாம்" என்றதும், "இல்ல மாமி, சாமிகிட்ட மருவாதயாப் பேசணுமில்ல" என்றாள்.

ஞாயிறு அவள் நின்று வாசித்தாள். தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் வைத்து வாசித்தாள். இடறிய இடத்தில் மன்னிப்புக் கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். சனங்கள் பதில் சொன்னார்கள், எனக்குப் பதினெட்டு வருஷம் சொன்ன அதே பதிலை. அப்போதுதான் அந்தப் பதில் எப்படி இருக்கும் என்பதை நான் உட்கார்ந்து கேட்டேன். அப்படி வெறுமையாக இருந்தது. என் எழுத்துத்தான், ஒரு பிழை இல்லை. கலையும்போது கடைசி வீட்டுத் தாத்தா என்னிடம், "என்ன டீச்சர், இன்னைக்கு என் இருமலப் பத்தி ஒருத்தருமே சொல்லலியே" என்று கேட்டார். கோயிலைப் பூட்டும்வரை இருந்த சந்தோஷம், சாவியைத் தொங்கவிடும்போது இல்லை.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது. விடியற்காலையில் படங்கு உதறும் சத்தம் வந்தது, மழையைப் பற்றிய பேரம் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இத்தனை நாளும் நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன், துணி மடித்தேன், தூங்கப் போனேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பொறாமைப்பட்டுக்கொண்டே அதில் சாய்ந்து வாழ்ந்திருக்கிறேன். இரண்டு வருஷமாக என் வீட்டில் கேட்ட ஒரே ஜெபம் அடுத்த வீட்டு ஜெபம்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் அடுத்த மன்றாட்டுக்காகக் கொப்பியோடு வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் புள்ள, இப்பல்லாம் ஒன் சத்தத்தயே காணோம்?"

"பயமா இருக்கு டீச்சரம்மா. தப்பாப் பேசிருவேனோன்னு. எழுதினதச் சொல்லலாம்னா, தட்டுக் கழுவறப்ப அது வாயில வரமாட்டேங்குது."

"முந்தி அப்படிப் பேச ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன். மாரியம்மன் கோயில் வழக்கம் என்று சொல்லுவாள், மனம் கொஞ்சம் ஆறும் என்று உள்ளூர ஒரு ஆசை.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒங்க மகதான். மந்திரம் படிக்க இங்க வருவேன்ல? எனக்கு மண்டையில ஏறல. ஒருநாளு அழுதுட்டேன். அவ இந்தா, இங்கனதான் நின்னுக்கிட்டு தட்டுக் கழுவிக்கிட்டு இருந்தா. 'அதெல்லாம் மெல்லப் படிச்சிக்கலாம், நான் தட்டுக் கழுவறப்ப சாமிகிட்ட சும்மா பேசுவேன்'னா. அட்ட கடிச்சதெல்லாம்கூடச் சொல்லுவாளாம். 'எங்கம்மாகிட்ட சொல்ல முடியாததெல்லாம் அந்த நேரத்துலதான் சொல்லுவேன், தண்ணி விழுற சத்தத்துல அம்மாவுக்குக் கேக்காது'ன்னா."

நான் குசினிக் குழாயைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பக்கத்து அறையில் தாள் திருத்திக்கொண்டு இருந்தவள் நான். தண்ணீர் விழும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. "குழாயை மூடு, தண்ணீர் வீணாகிறது" என்று கத்தியிருக்கிறேன். நான் வயிறெரிந்த அந்த ஜெபம் இந்த வீட்டு ஜெபம். இந்தக் குழாயடியிலிருந்து சுவர் தாண்டிப் போனது. ஃபாதரிடம் சொல்லி நான் அடைத்தது என் மகளுடைய வாயை.

அப்போதும் பாருங்கள், முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமைதான். இவளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

"ஃபாதர்கிட்ட ஒன்னயப் பத்திச் சொன்னது நான்தான்" என்றேன். "நீ பொலி சொல்றத மந்திரம்னு சொன்னேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒங்கம்மாவும் பொலி சொல்லித்தான் கொழுந்து எடுத்தாங்கன்னு எங்க மாமி சொல்லிருக்காங்க" என்றாள். எழும்பினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கொப்பியை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

சனிக்கிழமை ஃபாதருக்குப் போன் எடுத்தேன். பொலி என்றால் என்ன என்பதையும், என் அம்மா போட்ட சிலுவையையும் சொன்னேன்.

"அப்ப ஏன் டீச்சர் என்னட்ட அப்படிச் சொன்னீங்க?"

"பொறாமை ஃபாதர்."

அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. "இது பாவசங்கீர்த்தனமா டீச்சர், இல்ல போன் பேச்சா?"

"ரெண்டுமாத்தான் வச்சுக்குங்களேன்."

"போன்ல செல்லாது. ரெண்டாம் ஞாயிறு நேர்ல வாங்க. அந்தப் பிள்ளை தாள் இல்லாமலே சொல்லட்டும், நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, கூரை இடைவெளி வழியாகவே சொன்னேன். "சரிங்க" என்றது குரல். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, கந்தப்பளைக்கு இறங்கி உடப்புசல்லாவை பஸ் ஏறினேன். கோயிலில் அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் மாமியார் பிறகு எனக்குச் சொன்னாள். "சாமி, டீச்சரம்மா மேல எனக்குக் கோவம் தீரல. அது மெல்லத் தீரட்டும். அவங்க பஸ்ஸு மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்." பதில் பெரிதாக வந்ததாம். பஸ் என்னவோ இராகலையில் அரை மணி நேரம் நின்றுதான் போனது.

கடையைக் கேட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்கதவு பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். குசினிக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். சுவரில் முருகன் படம், அதே ஆணியில் அவளுடைய செபமாலை. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசத் தொடங்கினாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். திருடிபோல் ஒட்டுக் கேட்டேன்.

"சாமி, இந்தச் சட்டி அடிப்பிடிச்சது என் தப்புத்தான், அவரு பசியோட வருவாரு, கோவிக்காமச் சாப்பிட வையி." கொஞ்சம் தேய்த்தாள். "இந்த நேரம் அம்மா கோயில்ல மன்றாட்டு வாசிக்க எழும்பியிருப்பாங்க. பனி ரொம்ப இருக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடுக்க ஆளில்ல. தொண்ட கட்டாமப் பாத்துக்க சாமி."

ஒவ்வொரு ஞாயிறும் சொல்லியிருக்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. இரண்டு வருஷமாக இதை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் துணி விரித்துத் தட்டுக் கழுவிய நேரத்திலெல்லாம் அவர் இங்கே நின்று என் பிள்ளையின் குரலைக் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு மருமகள்மேல் இருந்த பொறாமை எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்தப் படியில் நின்றபோது எனக்குப் பொறாமை ஆண்டவர்மேல்.

மகள் பேச்சை நிறுத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள்போல் குழாயை மூடினாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றேன் நான், வாசலில் நின்றபடி. தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் அவளுக்குக் கேட்டது.